அரைப்பேர் என்று எழுதிய சனிக்கிழமை

நோர்வூட்

அன்பின் மச்சான்,

அன்றைக்கு நீ போன் எடுத்தபோது ஒழுங்காகப் பேச முடியவில்லை. தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் உன் குரல் பாதிதான் கேட்டது. காசல்ரீ நிரம்பி வான் பாய்கிறது. ஒரு கிழமையாக வெயிலைக் காணவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், படி ஏற வேண்டாம் என்கிறார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்து ரோட்டுக்கு 84 படி. ஏறாமல் எங்கே போவது? சின்னவள் இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறாள். இரவில் நானும் அவளோடு விழித்திருக்கிறேன்.

மழைக்குள்ளும் உன் ஒரு கேள்வி மட்டும் தெளிவாகக் கேட்டது. "ஏன் மச்சான் சோஷியல் மீடியா எல்லாத்துல இருந்தும் விலகிட்ட? எங்க மேல கோவமா?" உங்கள் யார் மேலும் கோபம் இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் விட்டுவிடுவேன்.

போன மாதம் அலுமாரியை ஒதுக்கும்போது ஒரு சீடி கிடைத்தது. மேலே என் கையெழுத்தில் "சனி" என்று மட்டும் இருந்தது. நம் சனிக்கிழமைகள், மச்சான். ஹட்டன் நெட் கபேயில், எழுத்தில் அரட்டை அடிக்கும் ஐஆர்சிக்கான எம்ஐஆர்சி மென்பொருள் சேமித்து வைத்த பேச்சையெல்லாம் நான் பிளொப்பியில் வீட்டுக்குக் கொண்டு வருவேனே, பிறகு ஒரு கொமினிகேஷன் கடையில் கொடுத்து சீடியில் போட்டது. பாடசாலைக் கணினியில் போட்டேன், உடனே திறந்தது. 2000ஆம் ஆண்டு தட்டிய வரி, ஒரு எழுத்துக் குறையவில்லை. வெறும் எழுத்து என்பதால் எந்தக் கணினிக்கும் அது விளங்குகிறது. 1.44 எம்பி பிளொப்பியில் நம் மாதக்கணக்கான பேச்சு அடங்கியிருந்தது. இன்று என் மாணவர்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதைவிடப் பெரியது.

முதல் நாளே நாம் இரண்டு பேரும் பொய் சொல்லியிருக்கிறோம். சனலுக்குள், அந்த அரட்டை அறைக்குள், யார் வந்தாலும் வயது, ஆணா பெண்ணா, ஊர் என்று மூன்றையும் கேட்பார்களே. நான் "கண்டி" என்று போட்டிருக்கிறேன். பத்து நிமிடம் கழித்து உள்ளே வந்த நீயும் "கண்டி". நான் டிக்கோயாப் பக்கத்து லயத்தில், நீ பண்டாரவளைப் பக்கத்து லயத்தில். தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்தால் மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்ற பயம் இரண்டு பேருக்கும். மூன்று மாதம் அப்படியே நடித்திருக்கிறோம். பிறகு ஒரு சனிக்கிழமை நீ, "இன்னைக்கு அம்மாவுக்கு அரைப்பேர்தான் போட்டாங்க" என்று எழுதினாய். கண்டி டவுனில் இருப்பவன் அரைநாள் சம்பளத்தை அரைப்பேர் என்று எழுத மாட்டான். நான் உடனே, "எந்தத் தோட்டம்?" என்று கேட்டேன். நீ நான்கு நிமிடம் பதில் எழுதவில்லை. நேரம் பதிவாகியிருக்கிறது பார், 4.12க்கு என் கேள்வி, 4.16க்கு உன் பதில். அந்த நான்கு நிமிடத்தில் நீ என்ன நினைத்தாய் என்று இத்தனை வருடமாக நான் கேட்டதே இல்லை. பதிலில் சொல்.

முகம் தெரியாது, குரல் தெரியாது, உடுத்திருப்பது தெரியாது. ஒரு சொல்லை வைத்து நாம் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டோம்.

நெட் கபேயில் மணிக்கு 60 ரூபா. அம்மா மலையேறிக் கொழுந்தெடுத்த காசு. அதைக் கொடுத்து நான் வாங்கியது என்ன என்று அப்போது எனக்கு விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது. ஒரு முகவரி. நமக்கு எந்தக் காலத்தில் முகவரி இருந்தது? வருகிற கடிதம் எல்லாம் தோட்டத்து ஒப்பீசுக்குத்தான் வரும். அங்கே யாராவது பார்த்து, மனம் வந்தால் காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் கொடுத்து விடுவார்கள். எனக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்த கடிதம், தேர்வு முடிந்து நான்காம் நாள் கைக்கு வந்தது. அம்மா அதைத் துணியில் சுற்றி இன்றும் வைத்திருக்கிறார். அப்படி இருந்தவனுக்கு அந்தச் சனலில் தனியாக ஒரு பேர் கிடைத்தது. அந்தப் பேருக்கு யார் எதை அனுப்பினாலும் நேராக எனக்கே வந்தது. இடையில் ஒப்பீஸ் இல்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன் அப்பா தவறியபோது நீ தோஹாவில் இருந்து ஓடி வந்து, நம் சொந்தபந்தம் எல்லாம் இருக்கும் அந்தத் தளத்தில் எழுதிப் போட்டாய். எனக்கு அது 17ஆம் நாள் தெரிந்தது. கருமாதியும் முடிந்திருந்தது. எல்லாரும் எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறார்கள். அந்தப் பதினாறு நாளும் நான் தினமும் அதைத் திறந்து பார்த்தேன். யாரோ ஒருவரின் கார், எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று எடுத்த படம், சண்டை, சமையல் எல்லாம் வந்தது. உன் அப்பா வரவில்லை. எனக்கு என்ன காட்டலாம் என்று ஒரு கணினிக் கணக்கு எங்கேயோ முடிவு செய்திருக்கிறது. ஒப்பீஸ் திரும்பி வந்துவிட்டது மச்சான். என் கடிதத்தை யாரோ மேசையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று இரவுதான் நான் விலகினேன். உன் அப்பா பாடையைத் தூக்க என் தோள் இல்லாமல் போனது இன்றும் ஆறவில்லை.

வகுப்பில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு பிள்ளை கேட்டாள், "லைக் இல்லாம நீங்க எழுதுனத ஆள் படிச்சாங்கன்னு எப்படி சேர் தெரியும்?" லைக் பட்டனே 2009இல்தான் பேஸ்புக்கில் வந்தது, அவள் பிறந்த காலத்துச் சாமான், அவளுக்கு அது இல்லாத உலகம் தெரியாது. "பதில் வரும் பிள்ளை" என்றேன். "பதில் வரலேன்னா?" "இன்னொருக்கா நல்லா எழுதிப் பார்ப்போம்." அவள் சிரிக்கவில்லை. கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டாள்.

நோர்வே அண்ணனை உனக்கு நினைவிருக்கும். சீடியில் அவர் வரிகள்தான் அதிகம். உயர்தரத்துக்கு பௌதிகவியல் படிப்பிக்க எங்கள் பாடசாலையில் அந்த வருடம் ஆள் இல்லை. திருப்பம் என்றால் என்னவென்று எனக்கு விளங்கவே இல்லை. சனலில் புலம்பினேன். அவருக்குப் படம் கீறிக் காட்ட வழியில்லை. "நீ இருக்கிற கடைக்குக் கதவு இருக்கா?" என்று கேட்டார். இருக்கு என்றேன். "எழும்பிப் போய், கீலுக்குப் பக்கத்தில ஒரு விரலால தள்ளிப் பார். பிறகு பிடி இருக்கிற ஓரத்தில தள்ளிப் பார். வந்து என்ன வித்தியாசம் எண்டு எழுது." நான் போய்க் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றேன். கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பி வந்து எழுதினேன். "ஏன் அப்பிடி?" என்று கேட்டார். தூரம் கூடினால் பலம் குறைவாகப் போதும் என்று நானே எழுதினேன். "அதுதான் திருப்பம்" என்றார். மூன்று சனிக்கிழமை, சாய்கோடும் அடிக்கோடும் வைத்துத் தராசும் ஏணியும் வரைந்து காட்டினார். அவர் முகத்தை நான் இன்று வரை பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்தில் எந்த ஊர் என்றும் சொல்லவில்லை. இன்று நான் கரும்பலகைக்குப் போகும் முன் பிள்ளைகளைக் கதவைத் தள்ளச் சொல்லுகிறேன். நான் ஆசிரியர் ஆனது அங்கேதான்.

அந்தச் சனலின் வேலைப்பாடே ஆளைப் பொறுமையாக்கியது என்று நினைக்கிறேன். ஐஆர்சியை 1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்கரினன் எழுதினார். ஒரு வரி, அனுப்புகிறவர் பேர் எல்லாம் சேர்த்து, 512 பைட்டைத் தாண்டக் கூடாது. இன்று யுனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் பிடிக்கிறது. கொழுந்து என்ற ஒரு சொல்லுக்கு 24 பைட். ஒரு வாக்கியம் கொஞ்சம் நீண்டாலே வரி நிரம்பிவிடும். (அந்த நாளில் நாம் ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டினோம். பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பினால், எதிரே அந்த எழுத்துரு இல்லாதவனுக்கு அம்மா என்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் போய் விழும்.) ஆகவே ஒருவன் ஒரு கதையைச் சொல்ல நாலைந்து வரி எடுப்பான். அவன் முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். "இன்னும் இருக்கு" என்று போட்டால் யாரும் குறுக்கே வர மாட்டார்கள். சேர்வர்களுக்கு இடையில் தொடர்பு அறுந்தால் பாதிப் பேர் ஒரே நொடியில் காணாமல் போவார்களே, நெட்ஸ்பிளிட். திரும்பி வந்ததும் முதல் கேள்வி, "எங்க விட்டோம்?"

நல்லதை மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். பெண் பேரில் யாராவது உள்ளே வந்தால் பத்துப் பேர் தனிச் செய்தியில் போய் மொய்த்தது சீடியில் அப்படியே தெரிகிறது. என் தங்கைக்கு நான் அந்த இடத்தைக் காட்டாததற்கு அதுதான் காரணம். சாதி கேட்டவர்கள் இருந்தார்கள். ஒருவன் நம் ஆட்களைப் பற்றிக் கேவலமாக எழுதினான், நீ நடுங்கிப்போனாய். ஆனால் அன்று நடந்ததையும் படித்தேன். சனலைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா அவனுக்கு ஒருமுறை எச்சரிக்கை கொடுத்தார், இரண்டாம் முறை வெளியே போட்டார். தமிழ் தெரிந்த ஒருத்தர், அவன் யார் என்று தெரிந்த ஒருத்தர், அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

2018 மார்ச்சில் கண்டிப் பக்கம், திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் ஆட்களின் வீடும் கடையும் பள்ளிவாசலும் எரிந்தபோது நான் இதைத்தான் நினைத்தேன். எரியூட்டுகிற சொற்கள் போனில் கை மாறிக்கொண்டிருந்தன. பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசாங்கம் நிறுத்தியது. அந்தக் கலவரத்தில் தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு வருடம் கழித்து. எழுதுகிறவனின் மொழி விளங்கி, அந்த நிமிடமே "நிறுத்து" என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில் லட்சக்கணக்கான பேரை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதை நம் மலைகள் பார்த்துவிட்டன.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. கொழுந்தெடுக்கிற நம் பொம்பளைகளை இப்போது யார் யாரோ வந்து படம் பிடிக்கிறார்கள். பின்னால் சோகப் பாட்டு வைத்துப் போடுகிறார்கள். போன கிழமை அம்மாவின் சிநேகிதியை அப்படி ஒன்றில் பார்த்தேன். அவர் வாய் அசைகிறது, என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை, பாட்டுத்தான் கேட்கிறது. அவரிடம் போய்க் கேட்டேன். "அட்டை கடிக்குது, சீக்கிரம் எடுங்க தம்பின்னு சொன்னேன்" என்றார். படமாக மட்டும் இருப்பது நமக்குத் தலைமுறைகளாக வந்த பழக்கம். எழுதுகிறவர்களாக இருந்த அந்தச் சனிக்கிழமைகளை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இதற்காக வாட்ஸ்அப்பை உடைத்துப் போடச் சொல்லவில்லை. மண்சரிவு எச்சரிக்கை அதில்தான் வருகிறது. அம்மா உன் பிள்ளைகளைப் பார்ப்பதும் அதில்தான். அதை வைத்திருக்கிறேன், பேசுவதற்கு வேறு இடம் வேண்டும்.

இடம் ஒன்று பிடித்திருக்கிறேன். லிபேரா சட் என்ற ஐஆர்சி வலை. 2021 மே மாதம் ப்ரீநோட் என்ற பழைய ஐஆர்சி வலையின் நிர்வாகம் கைமாறியது பிடிக்காமல், அதைச் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து தொடங்கியது. பல நூறு சனல்கள் அவர்களோடு இடம் பெயர்ந்தன. அங்கே ஒரு சிறிய சனல் திறந்திருக்கிறேன். என் பழைய மாணவர்கள் ஆறு பேர், தலவாக்கலையில் இருந்து ஒரு டீச்சர், ஹாலிஎலவில் இருந்து ஒரு தம்பி வருகிறார்கள். மூன்று பேர் பெண்கள். எந்தப் பேரில் வருவது, யாருக்கு வாசல் திறப்பது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். லயத்தில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டுகிறது, வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும், எழுத்து மட்டும் போய்விடுகிறது. மழை இல்லாத நாளில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கம் நின்றால் இன்னும் நல்லது.

வெள்ளிக்கிழமை இரவு 8.30. உனக்கு அந்திக்கு 6 மணி, லீவு நாள். உன் பழைய பேரை வேறு யாரும் எடுக்க முன் நான் பதிந்து வைத்துவிட்டேன். கடவுச்சொல்லை உன் தங்கையிடம் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், கேட்டு வாங்கு.

கடிதமாகப் பதில் போடுவதானால் பாடசாலை முகவரிக்கே போடு. லயத்துக்கு இன்னும் இலக்கம் கொடுக்கவில்லை.

அன்புடன்,
உன் மச்சான்