எழுதாத வசனத்துக்கும் ஒத்திகை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்க கால டிவி நாடகங்களில் நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசி ஒப்பேற்றினார்கள் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. வசனம் எழுதாமல் நடித்தது உண்மை. முன்தயாரிப்பே இல்லை என்பது தவறு.

1975-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பீஜ் கிராமத்து 1 கிலோவாட் ஒளிபரப்பியை வைத்து இஸ்ரோ நடத்திய நிகழ்ச்சிகளில் ஊர்மக்களே நடித்தார்கள். கதையை அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். பேச்சு அவரவர் வழக்கில் வந்தது. தமிழக-ஆந்திர எல்லையில் உள்ள நகரி, திருத்தணிப் பக்கத்துக் கூத்துக்கு இது புதிதல்ல. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் பாட்டும் விருத்தமும் வாத்தியார் கொடுத்தபடி நிற்கும். வசனத்தை, கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் அங்கேயே கட்டுவார், தமிழும் தெலுங்குமாக.

ஆனால் கூத்துக்கு விடியும்வரை நேரம் உண்டு, டிவிக்கு அரை மணிதான். ஸ்டூடியோவில் இரண்டு மூன்று கேமரா, தலைக்கு மேல் நீண்ட கழியில் தொங்கும் ஒரு பூம் மைக். டேப்பை வெட்டி ஒட்டுவது பெரும்பாடு என்பதால் 20-ஆம் நிமிடத்தில் தடுமாறினாலும் முதலிலிருந்துதான். எனவே காட்சியின் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மாறக் கூடாது. கடைசி வாக்கியத்தைக் கேட்டுத்தான் அடுத்த கேமராவுக்கு மாற்றுவார்கள். நடிகர் அதை விட்டுவிட்டால் திரையில் காலி நாற்காலி தெரியும். நிற்கும் இடம் தரையில் சாக்பீஸ் குறி. பேச்சு சூடேறி இரண்டடி முன்னால் வந்தால் படம் மங்கும், மைக்கின் நிழல் நெற்றியில் விழும். இருவர் சேர்ந்து பேசினால் ஒரே மைக்கில் இரண்டுமே புரியாது. அதனால் யாருக்குப் பின் யார் பேசுவது என்பதும் முன்பே முடிவாகியிருக்கும்.

வேஷத்திலும் கவனம் வேண்டும். கறுப்பு வெள்ளைத் திரையில் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். கூத்தின் முகவர்ணத்தை அப்படியே கொண்டுவந்தால் வேஷத்துக்கு வேஷம் வித்தியாசம் தெரியாது. புருவத்தையும் மீசையையும் கறுப்பில் தடித்து எழுதத்தான் வேண்டும். சலவை வேட்டி கண்ணைப் பறிக்கும் என்பதால் டீத்தண்ணீரில் நனைத்துப் பழுப்பேற்றுவது வழக்கம். பளபளக்கும் கிரீடத்தில் சோப்பைத் தேய்த்து மினுக்கத்தைக் குறைத்தார்கள்.

எழுதாத வசனம் ஒத்திகையைவிட நீளும். அதிலும் நகைச்சுவைக் காட்சி கட்டாயம் நீளும். அதற்காகக் கடைசிக்கு முந்தைய காட்சியை நீக்கினாலும் கதை உடையாதபடி அமைப்பார்கள். ஃப்ளோர் மேனேஜர் விரல் காட்டி மீதி நிமிடத்தைச் சொல்வார். கையைச் சுழற்றினால் முடித்துக்கொள் என்று பொருள்.

இன்று எல்லையோர ஊர்களில் செல்போனில் நாடகம் எடுக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருபது முறை எடுக்கலாம் என்பதால் ஒத்திகையை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் பேச்சு மாறுவதால் ஒட்டும்போது ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் பொருந்தாது. காட்சிக்கு ஒரு தாள் போதும்: முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், யார் எங்கே நிற்பது, எத்தனை நிமிடம். நடுவில் பேசுவதை மட்டும் நடிகரிடம் விடுங்கள். தெலுங்கு கலந்தால் கலக்கட்டும், திருத்த வேண்டாம்.

இப்படிக்கு,
கூத்து, நாடகக் குழுவினர்,
நகரி