ராஜினாமா கடிதம் வந்தால்தான் பட்ஜெட் வருமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இன்றைய ஊழியர்களுக்கு நிறுவனத்தின் மீது பற்றே இல்லை, கொஞ்சம் கூடுதல் சம்பளம் என்றால் உடனே தாவிவிடுகிறார்கள் என்ற தொனியில் உங்கள் நடுப்பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் பெரிய பொறுப்புகளில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. சில மாதங்களுக்கு ஒரு கம்பெனி என்று மாறிக்கொண்டே இருப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர் மேலே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நான் ஒரு தனியார் நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறவள். யார் சேர்ந்தார், யார் போனார், யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் என் மேஜைக்கு வராமல் போகாது. இங்கிருந்து பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் திட்டமிடல் பிரிவில் ஒருவர் இருந்தார். பல வருடம் வேலை பார்த்தவர். புதிதாக யார் வந்தாலும் அவரிடம்தான் அனுப்புவார்கள், "கொஞ்சம் கத்துக்கொடுங்க" என்று. அப்படி அவர் கற்றுக்கொடுத்த ஒரு பையனின் பே ஸ்லிப் ஒருநாள் பொதுப் பிரின்டரில் கிடந்திருக்கிறது. தன் காகிதத்தை எடுக்கப் போனவர் கண்ணில் அது பட்டுவிட்டது. அடிப்படைச் சம்பளமே அவருடையதைவிடக் கூடுதல். அவர் சத்தம் போடவில்லை. நேராக என்னிடம் வந்தார். "மேடம், என் கணக்குல ஏதாவது தப்பு நடந்திருக்கா, ஒரு தடவை பாருங்களேன்" என்றார். கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்றுதான் அந்த மனிதர் முதலில் நினைத்திருக்கிறார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்வதற்கு எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

அதற்கு முன்பே இரண்டு அப்ரைசலில் அவர் சம்பள உயர்வு கேட்டிருந்தார். இரண்டு முறையும் வந்த பதில், "பட்ஜெட் இல்லை". அப்புறம் அவர் பேப்பர் போட்டார், அதாவது ராஜினாமா கடிதம் கொடுத்தார். அன்று சாயங்காலத்துக்குள் அவர் பெயருக்குத் திருத்திய சம்பளக் கணக்கு ஒன்று தயார் செய்யச் சொல்லி எனக்கு மெயில் வந்தது. அவர் கேட்டதைவிடக் கூடுதலான தொகை! எங்கிருந்து வந்தது அந்தப் பட்ஜெட்? அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை, போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆள் எடுத்தபோது அதற்கும் மேலே கொடுக்க வேண்டியிருந்தது. அதையும் நான்தான் பதிவு செய்தேன்.

இது ஒரு மேனேஜரின் கெட்ட குணம் என்று நினைக்க வேண்டாம். கணக்கு எழுதும் முறையே அப்படி. ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இன்க்ரிமென்ட் என்பது மொத்தச் சம்பளச் செலவில் இத்தனை சதவீதம் என்று மேலிருந்து முடிவாகி வரும். மேனேஜர் அதைத்தான் தன் ஆட்களுக்குள் பிரித்துக் கொடுக்க முடியும். ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறைக்க வேண்டும். புது ஆள் எடுக்கும் செலவோ தனிக் கணக்கு. அதில் மட்டும் சந்தை நிலவரத்தைப் பார்ப்பார்கள், ஏனென்றால் பார்க்காவிட்டால் ஆள் வர மாட்டார். ஆக, சந்தை விலை வருகிறவருக்கு உண்டு, போகிறேன் என்பவருக்கு உண்டு. பேசாமல் வேலை செய்துகொண்டு இருப்பவருக்கு மட்டும் சதவீதம். கட்டுரையாளர் பற்று என்று எதைச் சொல்கிறாரோ, அதற்கு எங்கள் கணக்கில் அபராதம்தான் போடப்படுகிறது.

சம்பளத்தை ரகசியமாக வைத்திருந்தால் இந்தப் பிரச்சினை வராது என்று சொல்வார்கள். என் வேலை நியமனக் கடிதத்திலும் சம்பளத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. இதற்கு ஆதரவாக ஓர் ஆய்வையும் காட்டுவார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளம் ஓர் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. ஊழியர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அந்தத் தளத்தைப் பற்றி ஆய்வாளர்கள் தெரியப்படுத்தினார்கள். 2012-ல் வெளிவந்த முடிவு இதுதான்: தங்கள் பிரிவின் நடுமட்டச் சம்பளத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு அதிருப்தி கூடியது, வேறு வேலை தேடும் எண்ணமும் கூடியது. மேலே இருந்தவர்களுக்குத் திருப்தி ஒன்றும் கூடிவிடவில்லை. பார்த்தீர்களா, தெரிந்தால் வம்பு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வித்தியாசத்தை உண்டாக்கியது இணையதளம் இல்லை. எங்கள் ஆபீஸிலும் அந்தப் பிரின்டர்மேல் பழி போட முடியாது. காரணம் சொல்லக்கூடிய வித்தியாசம் என்றால் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிடலாமே.

சம்பளம் மட்டும்தான் பிரச்சினை என்றும் நான் சொல்ல வரவில்லை. ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் விசாரித்து 1959-ல் முடிவுகளை வெளியிட்டார். (கணக்காளர்களையும் ஒருவர் கேட்டிருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.) மனக்கசப்புக்குக் காரணமாக அவர்கள் அதிகம் சொன்னவை நிறுவனத்தின் கொள்கையும் நிர்வாகமும், மேலதிகாரியின் நடத்தையும். சம்பளமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. திருப்தி தந்தவை வேறு: ஒரு காரியத்தைச் சாதித்தது, அதை ஒருவர் அங்கீகரித்தது, வேலையே பிடித்துப்போனது.

இதை நம்ப எனக்கு ஆய்வு தேவையில்லை, எங்கள் வருடாந்திரக் கருத்துக்கணிப்பு போதும். "பெயர் தேவையில்லை, மனம் திறந்து சொல்லுங்கள்" என்று மெயில் வரும். திறந்தால் முதல் பக்கத்திலேயே பிரிவு, வயது வரம்பு, எத்தனை வருட சர்வீஸ், ஆணா பெண்ணா என்று கேள்விகள். எங்கள் பிரிவில் என் வயதில் இருக்கும் பெண் நான் ஒருத்திதான். பெயரைக் கேட்டிருந்தாலே தேவலை. எல்லோரும் எல்லாவற்றுக்கும் "ஓரளவு திருப்தி" என்று குத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஒரு வருடம் சிலர் துணிந்து எழுதியிருக்கிறார்கள் போல. பலனாக எல்லோருக்கும் கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட் வந்தது. என் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று பொதுக் கூட்டத்தில் தலைவர் சொன்னதை நம்பி ஓவர்டைம் பற்றி ஒரு பெண் கேள்வி கேட்டாள். மறுநாள் அவளுடைய மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, "இதையெல்லாம் அங்கே எதுக்கும்மா கேக்கிற?" என்றார். அதற்குப் பிறகு கூட்டங்களில் கேள்வி நேரம் சீக்கிரமே முடிந்துவிடுகிறது.

பெல் கர்வ் பற்றியும், அதாவது இத்தனை பேர் மேல் வரிசை, இத்தனை பேர் கடைசி வரிசை என்று முன்பே முடிவு செய்துவிட்டு ஊழியர்களை மதிப்பிடும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து பேர் கொண்ட குழுவில் ஐந்து பேருமே நன்றாக உழைத்தாலும் ஒருவரைக் கடைசி வரிசையில் போட்டே ஆக வேண்டும். யாரைப் போடுவது? பெரும்பாலும் பிரசவ விடுப்பில் போய்வந்தவரை, அல்லது இப்போதுதான் சேர்ந்தவரை. இந்த முறையை வைத்திருந்ததற்காகப் பெயர்பெற்ற மைக்ரோசாஃப்ட்டே 2013-ல் அதைக் கைவிட்டது. எங்களைப் போன்ற இடங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

சரி, பணத்தைக் கூட்டினால் தீர்ந்துவிடுமா? ஹென்றி ஃபோர்டு 1914-ல் தினக்கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 5 டாலராக்கியதைப் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். அதற்கு முந்தைய வருடம் அவருடைய ஆலையில் ஆட்கள் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார்கள், விலகல் விகிதம் சுமார் 370 சதவீதம், அதாவது ஒரு வேலைக்கு ஒரே வருடத்தில் சராசரியாக மூன்று நான்கு பேர் மாறினார்கள். அதனால்தான் கூட்டினார். கூட்டியதோடும் விடவில்லை. அந்தக் கூலியில் பாதியளவு, தொழிலாளியின் வீட்டு வாழ்க்கை கம்பெனி சொல்கிறபடி இருந்தால்தான் கிடைக்கும். குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க ஆட்களை அனுப்பினார்கள். சம்பளத்தை உயர்த்துவதும் மனிதரை மதிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடப் பழைய சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

கட்டுரையாளர் ஊழியர்களுக்கு அறிவுரை சொல்லியிருந்தார். நான் உங்கள் நாளிதழிடம் ஒன்று கேட்கிறேன். வாரந்தோறும் நீங்கள் வெளியிடும் வேலைவாய்ப்பு விளம்பரங்களில் வயது, அனுபவம், படிப்பு, போட்டோ எல்லாம் கேட்கிறார்கள். சம்பளம் என்ற இடத்தில் மட்டும் "தகுதிக்கேற்ப" என்று இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதல் விளம்பரத்திலேயே சம்பள வரம்பைச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த விதிகளின்படி, வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் பழைய சம்பளம் எவ்வளவு என்று கேட்கக்கூடாது. ஊழியர் தன் சம்பளத்தைப் பிறரிடம் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம் போடவும் கூடாது. சட்டம் வரட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று குறிப்பிடும் விளம்பரங்களுக்குப் பக்கத்தின் மேல்பகுதியில் இடம் கொடுங்கள். அப்படிச் செய்தால் பழைய ஊழியரும் அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தன் வேலைக்கு வெளியே என்ன மதிப்பு என்று தெரிந்துகொள்வார், பிரின்டர் பக்கம் போக வேண்டியதில்லை. விளம்பர வருமானம் கொஞ்சம் குறையலாம். அதையும் யோசித்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் வாசகி
(காரணம், மேலே சொன்ன நியமனக் கடிதத்தின் அந்த ஒரு வரி)