குஞ்சுகளை இப்போதே கொடுத்துவிடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ராமமூர்த்தி நகரில் எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குஞ்சுப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு வாரம் ஆகிவிட்டதே, சேவலாகத் தெரிவதையெல்லாம் கோழிக்காரரிடம் கொடுத்துவிடவா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் கண்ணு. அவசரப்பட்டால் நாளைக்கு முட்டை வைக்கப்போகிற விடைக்கோழியும் அதோடு சேர்ந்து போய்விடும்.

கூர் முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்று உன் மாமியார் சொல்கிறாராமே. என் பாட்டியும் அப்படித்தான் சொல்வார். பெரியவரை எதிர்த்துப் பேசாதே, ஆனால் அதை நம்பி எந்தக் குஞ்சையும் ஒதுக்காதே. ஆணா பெண்ணா என்பது ஓடு உருவாவதற்கு முன்பே, தாய்க்கோழி கொடுக்கிற குரோமோசோமிலேயே முடிவாகிவிடுகிறது.

அடுத்த முறை குஞ்சு பொரித்ததும் பின்புறத்தைப் பிதுக்கிப் பார்க்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். அது ஜப்பானியர்கள் கண்டுபிடித்து 1930களில் பல நாடுகளுக்கும் கொண்டுபோன வித்தை. பழகிய கை வேண்டும். நாம் அழுத்தினால் குஞ்சு செத்தே போகலாம். தயவுசெய்து தொட வேண்டாம் என்று சொல். இறக்கை இறகின் நீளத்தை வைத்துச் சொல்வதும் அதற்கென்றே இணைசேர்த்து எடுத்த குஞ்சுகளில்தான் சரிவரும். நாட்டுக்கோழிக்கு உதவாது.

நீ பார்க்க வேண்டியது கொண்டையை. இந்த வயதில் சேவல் குஞ்சுக்குக் கொண்டை அகலமாகிச் சிவக்கும், கீழே தாடியும் எட்டிப் பார்க்கும். பெட்டைக்கு அது வெளிறிய மஞ்சளாகச் சின்னதாகவே இருக்கும். முட்டைக்கு வரும்போதுதான் சிவக்கும். ஆனால் உன்னிடம் அசில் என்கிற சண்டைக்கோழிக் கலப்பும் இருக்கிறதே, அதற்குக் கொண்டை தலையோடு ஒட்டினாற்போல இருக்கும். அதில் கொண்டையை மட்டும் நம்ப முடியாது.

உடம்பு வளர்த்தியையும் நம்பாதே. இங்கே பெங்களூரு ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் உருவான கிரிராஜா என்கிற கோழி இனத்தையும் நாட்டுக்கோழியையும் ஒன்றாக வளர்க்கிறேன்; கிரிராஜா பெட்டை நாட்டுச் சேவலைவிடப் பெரிதாக நிற்கிறது. ஒரே தாயின் குஞ்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்.

பன்னிரண்டு வாரம் வரை பொறுத்தால் இறகே சொல்லிவிடும். வால் தொடங்குகிற இடத்தில், முதுகின் இரண்டு பக்கமும் பார். சேவலுக்கு அங்கே மெல்லிய, நுனி கூரான இறகுகள் பளபளவென்று சரிந்து தொங்கும். பெட்டைக்கு நுனி வட்டமாக இருக்கும். நம் கறுப்புக் குஞ்சு கொண்டை சிவந்து, மற்றவற்றோடு சண்டைக்கும் நின்றது. அந்த இடத்தை விலக்கிப் பார்த்தேன், ஒரு கூர் இறகுகூட இல்லை. இப்போது அதுதான் முட்டை வைக்கிறது. சண்டை போடுவதை வைத்தெல்லாம் சேவல் என்று சொல்லிவிடாதே.

கூவுவதற்காகவும் காத்திருக்க வேண்டாம். சில இரண்டு மாதத்தில் கூவும், சில நாலைந்து மாதம் வாயே திறக்காது.

அப்புறம், முட்டைக்குச் சேவலே தேவையில்லை. குஞ்சு பொரிக்க வைக்க வேண்டுமென்றால் மட்டும் ஒன்றை நிறுத்திக்கொள், அதுவும் நல்ல சாதுவானதாக.

இன்னும் ஐந்து வாரம் கழித்து, பகல் வெளிச்சத்தில், பின்பக்கமாக ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படமெடுத்து அனுப்பு. காலில் கலர் நூல் கட்டிவிடு, எது எது என்று குழம்பாது. நூலை இறுக்காதே, கால் பருக்கப் பருக்க அவிழ்த்துக் கட்டு.

அன்புடன்,
அம்மா