மலையேற்றக் குழுவில் சேருவதற்கு முன்

நண்பர்களே, புதுச்சேரியில் மலை கிடையாது, அதனால் யார் கூப்பிட்டாலும் உடனே பணம் கட்டிவிடத் தோன்றும். வனத்துறை அனுமதி இருக்கிறதா, எத்தனை வழிகாட்டிகள் கூட வருகிறார்கள், நடுவழியில் ஒருவருக்குக் கால் பிசகினால் எப்படிக் கீழே இறக்குவார்கள் என்று முதலில் கேளுங்கள், மழுப்பினால் அந்தக் குழு வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, அதில் போன உயிர்களை என்னால் மறக்கவே முடியவில்லை.

வனத்துறை 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள், இணையத்தில் பதிவு செய்யலாம், புதியவர்களுக்கு எளிதே போதும்.

அதற்கு முன் ஒரு ஞாயிறு விடியற்காலை செஞ்சிக்குப் போய் அங்கே கோட்டை இருக்கிற ராஜகிரி மலையில் ஏறிப் பாருங்கள். போன முறை இறுக்கமான ஷூவில் படி இறங்கி எனக்குக் கட்டைவிரல் நகமே கறுத்துவிட்டது, அரை அளவு பெரிதாக வாங்குங்கள். சரி, வருகிற ஞாயிறு யார் யார் வருகிறீர்கள்?