ஃபிளெக்ஸில் நிற்கும் 22 தம்பிமார்களுக்கு

தம்பிமார்களுக்கு,

டீக்கடைக்கு எதிரே நீங்கள் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸை நான் தினமும் இரண்டு தடவை பார்க்கிறேன். காலையில் பால் வாங்கப் போகும்போது ஒன்று, சாயந்திரம் நடக்கப் போகும்போது ஒன்று. நடுவில் கொலையான நம்ம பையனுடைய கூலிங்கிளாஸ் போட்ட படம், பின்னால் ஒரு சிங்கம். 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி' என்று மேலே. கீழே சிவப்பு எழுத்தில் 'கணக்கு இன்னும் முடியவில்லை'. அதற்கும் கீழே தபால்தலை அளவில் உங்கள் முகங்கள். எண்ணிப் பார்த்தேன், 22. அதில் மூன்று பேர் போன வருஷம்தான் பிளஸ் டூ எழுதினார்கள். ஒருவனுடைய கல்விக்கடன் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே நான்தான்.

உங்களில் பாதிப் பேருக்கு நான் பென்ஷன் வாங்குகிற தாத்தா. கிரிமினல் கோர்ட்டுகளில் 31 வருஷம் வேலை பார்த்தவன், கடைசி ஒன்பது வருஷம் செஷன்ஸ் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். கொலை வழக்குக் கட்டுகளைத் தூக்கித் தூக்கியே இடுப்பு போனது. அதனால் அந்த ஃபிளெக்ஸைப் பார்த்ததும் என் புத்தி வேறு மாதிரிதான் ஓடுகிறது. நாளைக்கு எதிர்த் தெருவில் ஒருவன் விழுந்தால், இன்ஸ்பெக்டர் முதலில் போட்டோ எடுக்கப் போவது இதைத்தான். நோக்கத்துக்கு அத்தாட்சி சிவப்பு எழுத்தில் இருக்கிறது. ஆட்கள் பட்டியல் படத்தோடு இருக்கிறது. சட்டவிரோதக் கூட்டம் என்று ஒரு பிரிவு உண்டு, பழைய சட்டத்தில் 149, 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் 190. கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக ஒருவன் வெட்டினால், கூட நின்றவனுக்கும் அதே குற்றம். வெட்டியது இரண்டு பேராக இருந்தாலும் ஏ1 முதல் ஏ22 வரை எழுதப் பேப்பரில் இடம் இருக்கும்.

சரி, சட்டத்தை விடுங்கள். கோயில் படிக்கட்டில் உட்கார்ந்து உங்களில் ஒருவன் கேட்டது என் காதில் விழுந்தது: "அப்போ அவன செஞ்சவனுவ பைக்ல நம்ம முன்னாடி போவானுவ, நாம பாத்துக்கிட்டு நிக்கணுமா?" நியாயமான கேள்வி. ஜாமீனில் வந்தவன் அதே கடையில் அதே டீயைக் குடிப்பதைப் பார்க்கிற வயிற்றெரிச்சல் என்ன என்று எனக்குத் தெரியும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கோபத்தைச் சட்டம் புரிந்துகொள்ளாமல் இல்லை. கடுமையான, திடீர்க் கோபமூட்டலில் தன்னை இழந்து கொன்றால், அது கொலை என்ற நிலையிலிருந்து, கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறையும். ஆனால் திடீர் என்பதற்கு ஓர் அளவு உண்டு. 1959-ல் பம்பாயில் நானாவதி என்ற கடற்படை அதிகாரி, தன் மனைவியோடு தொடர்பு வைத்திருந்தவரைச் சுட்டுக் கொன்றார். மனைவி விஷயத்தைச் சொன்ன பிறகு, அவரையும் பிள்ளைகளையும் சினிமாவில் விட்டுவிட்டு, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கியும் ஆறு தோட்டாவும் வாங்கிக்கொண்டு போனார். நடுவில் சுமார் மூன்று மணி நேரம். ஊரே அவர் பக்கம், ஜூரியும் அவர் பக்கம். ஆனாலும் 1961-ல் உச்ச நீதிமன்றம், மனசு ஆறுவதற்கு அந்த மூன்று மணி நேரம் போதும் என்று சொல்லி ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. உங்களுக்கு ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஃபிளெக்ஸுக்கு டிசைன் செய்து, பிழை திருத்தி, ஆளுக்கு 200 ரூபாய் வசூல் செய்கிற அளவுக்கு ஆறியிருக்கிறீர்கள்.

பழி வாங்கியது நியாயம் என்று யாரையாவது சொல்லலாம் என்றால், நான் வடக்கே கொள்ளைக் கும்பல் நடத்திய பூலன் தேவியைத்தான் சொல்லுவேன். அந்தப் பெண்ணுக்குப் பெஹ்மாய் என்ற ஊரில் நடந்த கொடுமையை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. 1981 பிப்ரவரி 14 அன்று அவருடைய கும்பல் அந்த ஊருக்குத் திரும்பிப் போனது. தேடிப் போனது முக்கியமாக இரண்டு பேரை, அண்ணன் தம்பி. அவர்கள் அன்றைக்கு அகப்படவே இல்லை. அகப்பட்ட ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள், செத்தது 20 பேர். தான் சுடவில்லை என்றே பூலன் சொல்லிவந்தார். 1983-ல் சரணடைந்து, விசாரணையே முடியாமல் 11 வருஷம் சிறையில் இருந்து, வெளியே வந்து எம்.பி. ஆகி, 2001 ஜூலை 25 அன்று டெல்லியில் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பிடிபட்டவன் சொன்ன காரணம், பெஹ்மாய்க்குப் பழி. இருபது வருஷம் கழித்து.

ஒரு பழைய கோர்ட் ஆளாக இதில் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பெஹ்மாய் வழக்கில் 2020-ல் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நேரத்தில் கேஸ் டைரியைக் காணோம் என்றார்கள். கடைசியில் தீர்ப்பு வந்தது 2024 பிப்ரவரியில், சம்பவம் நடந்து 43 வருஷம் கழித்து. பெரும்பாலான எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கோர்ட்டில் அப்படித்தான் சொல்வோம்) அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். ஒரு கிழவருக்கு ஆயுள், இன்னொருவர் விடுதலை. கோர்ட்டை நம்பு என்று உங்களிடம் சொல்ல வருகிறவன் இதையும் சேர்த்துச் சொல்லத்தானே வேண்டும்.

ஆனால் அந்த 20 பேர் விஷயத்தை மறுபடி பாருங்கள். பழி யார் மேல் விழுந்தது? கைக்கு எட்டியவன் மேல். நான் பார்த்த 'முன்விரோதம்' வழக்குகள் எல்லாவற்றிலும் இதுதான் கதை. செய்தவன் உஷாராக இருப்பான், கூட நாலு பேர் இருப்பான், இல்லை திருப்பூருக்கோ மும்பைக்கோ போயிருப்பான். தனியாக அகப்படுகிறவன் அவன் மச்சானாக இருப்பான், வேலைக்குப் போய்விட்டு வருகிற தம்பியாக இருப்பான். எப்போதும் ஒரே பாதையில், ஒரே நேரத்துக்கு வருகிறவன். யோக்கியனுக்குத்தான் அப்படி ஒரு நேரம் இருக்கும்.

நம்ம பையன் எப்படிச் செத்தான்? முந்தின வருஷம் கோயில் கொடைத் திருவிழாவில் கைகலப்பு செய்தது அவன் பெரியப்பா மகன். அந்தப் பெரியப்பா மகன் இப்போது வளைகுடாவில் ஏசி மெக்கானிக். இவன் அன்றைக்குக் கொடைக்கே வரவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வழக்கமான நேரத்துக்கு வந்தான், அவ்வளவுதான். அவனைச் சாகடித்த கணக்கு இருக்கிறதே, அதே கணக்கைத்தான் நீங்கள் ஃபிளெக்ஸில் எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று, இதை எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை. ஒரு வழக்கில் செத்தவனுடைய தம்பிதான் அரசுத் தரப்பு முதல் சாட்சி, நாங்கள் அ.சா.1 என்று எழுதுவோம். கண்ணால் பார்த்தவன். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அவன் பொறுக்கமாட்டாமல், மூன்றாவது எதிரியின் மச்சானை வெட்டிவிட்டான். சாட்சி சொல்ல அவனைச் சிறையிலிருந்து போலீஸ் காவலில் கூட்டி வந்தார்கள். டவாலி மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் கூண்டில் ஏறினான். எதிர்த்தரப்பு வக்கீல் ரொம்ப மெதுவாகப் பேசுகிறவர். "நீங்க இன்னொரு கொலை வழக்குல ஏ1 தானே?" ஆமாம் என்றான். "எதிரி குடும்பத்து மேல உங்களுக்குத் தீராத பகை, இல்லையா?" ஆமாம் என்றான், தலையை நிமிர்த்தி. பெருமையாகக்கூட இருந்தது அந்த 'ஆமாம்'. அந்தப் பகையால்தான் பார்க்காததைப் பார்த்ததாகப் பொய் சொல்கிறீர்கள் என்று வக்கீல் முடித்தார். அவன் மறுத்தது, 'என்று சொன்னால் சரியல்ல' என்று வாக்குமூலத்தில் பதிவானது. பார்த்த மற்ற இரண்டு பேரும் ஏற்கெனவே பிறழ் சாட்சி ஆகிவிட்டார்கள். பகைமை இருப்பதால் மட்டும் ஒரு சாட்சியைத் தள்ளிவிடக் கூடாது என்பது சட்டம்தான். ஆனால் பக்கபலமாக வேறு ஒன்றுமே இல்லை. சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து ஐந்து பேரும் விடுதலை. தம்பிக்கு மட்டும் தன் வழக்கில் ஆயுள். அண்ணனைக் கொன்ற ஐந்து பேரை விடுவித்தது வேறு யாரும் இல்லை, அவன்தான். தீர்ப்பைக் கட்டில் வைத்துத் தைத்தவன் நான்.

நம்ம வழக்கில் பார்த்த சாட்சிகள் நாலு பேர். அதில் இரண்டு பேர் முகம் ஃபிளெக்ஸில் இருக்கிறது. நான் சொல்ல வருவது புரிகிறதா?

இனி என் கதை. 1972-ல் வரப்புத் தகராறில் என் அப்பாவைக் கம்பால் அடித்தார்கள். வலது முழங்கை முறிந்தது. நாட்டு வைத்தியர் போட்ட கட்டு கோணலாக ஒட்டிவிட்டது, கை வாய்க்கு எட்டாது. அன்றிலிருந்து சாகிறவரை இடது கையால்தான் சாப்பிட்டார். அதனால் கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காரமாட்டார், மொய் எழுதிவிட்டு வந்துவிடுவார். எனக்கு அப்போது பதினாறு வயது. வைக்கோல் படப்பில் ஓர் அரிவாளை ஒளித்து வைத்தேன். நாலாவது நாள் அது அப்பா கையில் இருந்தது. என்னை ஒன்றும் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, இடது கையால் ஓர் இளநீரைச் சீவினார். மூன்று வெட்டு தவறியது, நாலாவதில் கண் திறந்தது. எனக்குக் கொடுத்துவிட்டு, அரிவாளை எரவாணத்தில் செருகினார். அதை நான் அப்புறம் எடுக்கவில்லை.

பெரிய மனசால் எடுக்காமல் விட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அடித்தவன் 2003 வரை இருந்தான். அவன் துஷ்டிக்கு நான் போகவில்லை. மன்னித்துவிட்டேனா என்றால், இல்லை. மன்னிக்கச் சொல்லி உங்களிடமும் கேட்கமாட்டேன், அதைச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. வெறுத்துக்கொண்டே இருங்கள், அது உங்கள் பாடு. நடந்த கொடுமைக்குக் கோபப்படாதவனைத்தான் நான் நம்பமாட்டேன்.

அந்தக் கோபத்துக்கு வேலை இருக்கிறது. சாட்சிகளை மிரட்டுவதாகத் தகவல் வந்தால், சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் 2018 என்று ஒன்று இருக்கிறது, உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மாவட்ட நீதிபதி தலைமையில் உள்ள கமிட்டிக்கு மனுப் போட வேண்டும், நான் எழுதித் தருகிறேன். அரசு வக்கீலுக்கு உதவியாகக் குடும்பத்தின் சார்பில் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளலாம், ஃபிளெக்ஸுக்குச் செலவான காசு அவருடைய குமாஸ்தா செலவுக்காவது ஆகியிருக்கும். விடுதலை ஆகிவிட்டால் பாதிக்கப்பட்டவர்களே அப்பீல் போகலாம், 2009-ல் வந்த உரிமை அது. எல்லாம் இழுக்கும். வாய்தா வாய்தாவாக இழுக்கும். வாய்தாவுக்கு வாய்தா நம்ம ஆள் யாராவது கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் கட்டு அவ்வளவு சீக்கிரம் அடியில் போகாது. இது அனுபவத்தில் சொல்கிறேன்.

வருகிற 14-ஆம் தேதி அவன் அம்மாவுக்குச் சாட்சியம். "என்ன கேப்பாங்கண்ணே?" என்று என்னிடம் நாலு தடவை கேட்டுவிட்டாள். கேட்பது பெரிதாக ஒன்றும் இருக்காது. பழுப்புக் கவரைப் பிரித்து, அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்துக் காட்டி, இது உங்கள் மகனுடையதா என்பார்கள். ரத்தம் காய்ந்து சட்டை அட்டை மாதிரி விறைத்திருக்கும். அதைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்கிற தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். நான் அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

காலை 8.10 பஸ்ஸில் போகிறோம். உங்களில் இரண்டு பேர் கூட வந்தால் போதும், சாட்சிகள் மட்டும் உள்ளே வராமல் வராந்தாவில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஃபிளெக்ஸை அவிழ்ப்பதாக இருந்தால், ஏணி என் வீட்டுப் பின்பக்கம் சாத்தியிருக்கிறது. கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். அவன் படத்தை மட்டும் கிழியாமல் வெட்டி அவளிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
மேலத்தெரு ரிட்டயர்டு பெஞ்ச் கிளார்க்