உதைத்தும் இறங்காத கிக்கர்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் பழைய பைக்கின் கிக்கர் (உதைத்து ஸ்டார்ட் செய்யும் மிதி) இறங்கவில்லை, இன்ஜின் பக்கமூடி ஸ்குரு இரண்டின் தலை தேய்ந்துவிட்டது, சைலன்சர் நட்டு அசையவே இல்லை என்று எழுதியிருந்தாய். முதலில் கிக்கர் மேல் ஏறி நின்று மிதிப்பதை நிறுத்து. சிலிண்டருக்குள் இறுகிப்போன பிஸ்டன் விடுவதற்கு முன்னால் கிக்கர் பல் உடையும். பழைய வண்டிக்குப் பிஸ்டன்கூடத் தேடினால் கிடைத்துவிடும், அந்தப் பல் சக்கரம் கிடைப்பது பெரும்பாடு.

பலத்தைக் காட்டுமுன் எது எதைப் பிடித்திருக்கிறது என்று பார்த்துக்கொள். இரும்போடு இரும்பு என்றால் துரு. அலுமினியத்துக்குள் இரும்பு ஸ்குரு என்றால் இரண்டு உலோகத்துக்கும் நடுவில் ஈரம் புகுந்து அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகியிருக்கும். அந்தப் பொடி, அரித்துப்போன உலோகத்தைவிட அதிக இடத்தை அடைப்பதால் மரையை நெருக்கிக்கொண்டு நிற்கும். கார்புரேட்டருக்குள் மேலும் கீழும் ஓடும் ஸ்லைடு ஒட்டியிருந்தால் பெரும்பாலும் பெட்ரோல் வற்றிப்போன பிசின்தான் காரணம். அதற்குச் சுத்தியலே வேண்டாம், கழற்றி வெந்நீரில் போட்டாலே இளகும்.

பிஸ்டனுக்கு வருவோம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே டார்ச் அடித்துப் பார். ஏடிஎஃப் எண்ணெயும் (ஆட்டோமேடிக் கியர் வண்டிகளின் கியர் எண்ணெய்) அசிட்டோனும் சரிபாதி கலந்து 30 முதல் 50 மில்லி உள்ளே விடு. இரண்டும் தானாகப் பிரிந்துவிடும், அதனால் ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். பெயின்ட், பிளாஸ்டிக், ரப்பர் மேல் படவிடாதே. அசிட்டோன் ஆவியாகிப் போகும் என்பதால் தினமும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டே ஒரு வாரம் விடு. தினம் ஒரு தடவை வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டு. மயிரிழை அசைந்தாலும் போதும், அந்த இடைவெளியில் எண்ணெய் இறங்கும். பிளக்கை மட்டும் திரும்ப மாட்டிவிடாதே. பிஸ்டன் மேல் திரவம் நிறைந்திருக்கும்போது இன்ஜினைச் சுற்றினால் திரவம் அமுங்காது, பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுதான் வளையும்.

வாரம் போயும் அசையவில்லை என்றால் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்று. பிஸ்டன் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். நடுவாக நின்றால் நல்லது. போருக்கு (சிலிண்டரின் உள்துளைக்கு)ச் சற்றே சிறிதாகக் கடினமான மரக்கட்டை ஒன்றை உருட்டையாகச் செதுக்கி, பிஸ்டன் தலை முழுவதும் படும்படி வைத்து, ரப்பர் சுத்தியலால் அளவாகத் தட்டு. உச்சியிலோ அடியிலோ நின்றால் தட்டவே கூடாது. அந்த நிலையில் ராடும் கிராங்க்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். கிராங்க் சுழலாது, அடி மொத்தமும் ராடின் கீழ்முனையில் உள்ள பிக் எண்ட் பேரிங்கில் போய் விழும். அப்படியென்றால் சிலிண்டர் நட்டுகளை எடுத்துவிட்டு, சிலிண்டரையே மேலே கிளப்பப் பார். சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் தகடான ஃபின்னுக்கு அடியில் ஸ்குரு டிரைவரை விட்டு நெம்பினால் ஃபின் உடைந்து கையோடு வரும்.

தட்டுமுன், பிஸ்டனுக்கு மேலே போரில் தெரியும் துருவை எண்ணெய் தொட்ட மெல்லிய உப்புத்தாளால் எடுத்துவிடு. இல்லாவிட்டால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் மேலேறும்போது அதில் மாட்டும். சூடு காட்டுவதானால் சிலிண்டரின் வெளிப்பக்கத்தில் மட்டும், சீக்கிரமாகக் காட்டு. சிலிண்டரின் வார்ப்பிரும்பைவிடப் பிஸ்டனின் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். நிதானமாகக் காய்ச்சினால் உள்ளே பிஸ்டனும் சூடேறி முன்னைவிட இறுகிவிடும். அசிட்டோன் ஊற்றிய இடத்தில் அது முழுவதும் உலரும்வரை நெருப்பு கூடவே கூடாது. டேங்கையும் கார்புரேட்டரையும் முன்பே கழற்றித் தள்ளி வைத்துவிடு. பிரேக் கிளீனர் அடித்த பாகத்தைச் சுட வைக்காதே. குளோரின் கலந்த வகையாக இருந்தால் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும்.

இனி பக்கமூடி ஸ்குரு. ஜப்பான் வண்டி, அல்லது அந்த வடிவமைப்பில் வந்த வண்டி என்றால் அவை பிலிப்ஸ் ஸ்குரு அல்ல, ஜேஐஎஸ், அதாவது ஜப்பானியத் தர அளவில் செய்தவை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பல ஸ்குருக்களில் தலையோரம் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். பிலிப்ஸ் டிரைவரின் முனை அந்தக் குழியின் அடிவரை போய் உட்காராது, திருகும்போது மேலே ஏறி ஓரத்தைச் சுரண்டிவிடும். உன் இரண்டு ஸ்குருவும் அப்படித்தான் போயிருக்கும். 6 மில்லிமீட்டர் ஸ்குருவுக்கு மூன்றாம் நம்பர் பிட், 5 மில்லிக்கு இரண்டாம் நம்பர்.

குழியில் அடைந்திருக்கும் பழைய அழுக்கை ஊசியால் கிளறி எடு. ஹாட் ஏர் கன்னால் ஸ்குருவைச் சுற்றி உள்ள மூடியைச் சூடாக்கு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சீறி ஆவியாக வேண்டும், அந்தச் சூடு போதும். பிறகு இம்பாக்ட் டிரைவர், அதாவது சுத்தியலால் அடிக்கும் கை டிரைவர். கழற்றும் திசையில் கையால் முறுக்கிப் பிடித்துக்கொண்டே ஒரு கிலோ சுத்தியலால் ஒரே அடி, நேராக. கூச்சப்பட்டுப் பத்துத் தடவை தட்டினால் தலைதான் கெடும். அடி இரண்டு வேலை செய்கிறது: பிட்டைக் குழிக்குள் அழுத்திப் பிடிக்கிறது, மரையில் இறுகிய பொடியையும் அதிரவைக்கிறது.

தலை தேய்ந்த அந்த இரண்டையும் போராடாமல் துளைத்துவிடு. 6 மில்லி ஸ்குருவுக்கு 6.5 மில்லி டிரில் பிட் போட்டு, தலை மட்டும் துண்டாகும் ஆழம்வரை போ. மூடியைக் கழற்றியதும் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தலையின் இழுவிசை போய்விட்டதால், வைஸ் கிரிப்பால் (பூட்டிப் பிடிக்கும் குறடு) பிடித்தால் பெரும்பாலும் சிரமமில்லாமல் சுழன்று வரும்.

சைலன்சர் நட்டுக்கு ஆறுமுனை பாக்ஸ் ஸ்பேனர்தான். பன்னிரண்டு முனை வழுக்கும். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு பொட்டு திருப்பு, அப்புறம் கழற்று. வரவில்லை என்றால் நட்டைச் சூடாக்கி மரையோரம் மெழுகுவர்த்தியைத் தொடு. உருகிய மெழுகு மரைக்குள் இழுபட்டு இறங்கும். நட்டு மாட்டியிருக்கும் மரைக்கம்பியான ஸ்டட் முறிந்து கொஞ்சம் வெளியே நின்றால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்பச் சொல். நட்டைவிட அந்தச் சூடுதான் ஸ்டட்டை விடுவிக்கும். உள்ளே முறிந்தால் நடுப்புள்ளியைச் சரியாகக் குத்தி 3 மில்லியில் தொடங்கித் துளை. முறிந்ததைத் திருகி எடுக்க ஈசி அவுட் என்று ஒரு கருவி விற்கிறார்களே, அதைச் சிறிய ஸ்டட்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அது துளைக்குள் முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது.

முறிந்த இரும்பு, கழற்றி எடுக்கக்கூடிய சின்ன அலுமினியப் பாகத்திலோ பித்தளையிலோ இருந்தால் படிகாரம் கைகொடுக்கும். சூடான நீரில் கரையும் மட்டும் படிகாரத்தைக் கரைத்துப் பாகத்தை அதில் போட்டுச் சூடு ஆறாமல் வைத்தால் இரும்பு மெல்ல மெல்லக் கரையும். நாள் பிடிக்கும். கார்புரேட்டரை மட்டும் அதில் போட்டுவிடாதே. பல கார்புரேட்டர்கள் துத்தநாகக் கலவை, அதுவும் சேர்ந்து கரைந்துபோகும்.

பிஸ்டன் விட்டு, கிராங்க் சுழல ஆரம்பித்ததும் ஸ்டார்ட் செய்ய ஆசை வரும். வேண்டாம். நீ ஊற்றிய கலவை, கிராங்க் சுழலும் கூடான கிராங்க் கேஸில் தேங்கி, இருந்த மசகை எல்லாம் கழுவியிருக்கும். சிலிண்டரைக் கழற்றி ரிங் ஓடும் பகுதியில் விரல் நகத்தை ஓட்டிப் பார். நகம் மாட்டும் அளவுக்குக் குழி இருந்தால் ரீபோர்தான், அதாவது போரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். ராடை மேலும் கீழும் இழுத்துப் பார். ஆட்டம் தெரிந்தால் பிக் எண்டும் போயிருக்கிறது. கிராங்க் சீல் இரண்டையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடு. போர் அளவை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக எடுத்து அனுப்பு. எத்தனையாவது ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்குவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்