அந்த இரண்டு இடங்களில் கேமரா வேண்டாம்

அன்புள்ள உங்களுக்கு,

கல்யாணத்துக்கு முன் எடுக்கும் படங்களுக்காக, மதுரையில் நம் இருவருக்கும் பிடித்த இடங்களைப் போட்டோகிராபர் கேட்டிருக்கிறார் என்று பட்டியல் அனுப்பியிருந்தீர்கள். விட்டுப்போனதைச் சேர்க்கச் சொன்னீர்கள். நான் எதையும் சேர்க்கவில்லை. அதிலிருந்து இரண்டை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

மகால் இருக்கட்டும். 1636இல் திருமலை நாயக்கர் கட்டியதில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். ஆனாலும் அந்தத் தூண்களுக்கு நடுவே யார் நின்றாலும் படம் நன்றாகவே வரும். மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தையும் வைத்துக்கொள்ளலாம். சிற்பங்களுக்கு நடுவே தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்த நாளில் அம்மாவோடு அங்கே எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன பிறகு தூண்கள் முழுதாகத் தெரிகின்றன என்கிறார்கள். எனக்கு என்னவோ அந்தச் சத்தம் இல்லாத மண்டபம் இன்னும் பழகவில்லை.

காந்தி மியூசியத்தை எடுத்துவிடுங்கள்.

"ஒருமுறை பேசிப் பார்க்கட்டும்" என்று இரு வீட்டிலும் சம்மதித்தபோது, நீங்கள் சொன்ன இடம் அது. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். பள்ளியில் வரிசையாக அழைத்துப் போனார்களே, அங்கேயா என்று நினைத்தேன். ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959 முதல் இருக்கிற அந்த மியூசியத்தில், படங்களையெல்லாம் வேகமாகக் கடந்து போனீர்கள். சுடப்பட்ட நாளில் காந்தி உடுத்தியிருந்த துணி கண்ணாடிக்குள் இருக்கிறதே, அதன் முன்னால் நின்றுவிட்டீர்கள். வெகுநேரம் பேசவில்லை. பெண் பார்க்க வந்தவர் இப்படி நிற்கிறாரே என்று எனக்குச் சங்கடம். அப்புறம் மெதுவாகச் சொன்னீர்கள்: "சட்டையை விட்டதும் நம்ம ஊரில்தான். கடைசித் துணியும் இங்கேயே வந்து சேர்ந்துவிட்டது."

1921 செப்டம்பர் 22. மேலமாசி வீதியில் அவர் தங்கியிருந்த வீட்டைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். தேதியும் தெரியும், கல்வெட்டும் தெரியும். ஏழைகளுக்குக் கிடைக்காத ஆடை தனக்கும் வேண்டாம் என்று அந்த வீட்டில் அவர் எடுத்த முடிவையும், வைகைக்கு இந்தப் பக்கம் கண்ணாடிக்குள் கிடக்கும் இரத்தக் கறையையும் ஒன்றாக வைத்து ஒருநாளும் நினைத்ததில்லை. அன்று வீட்டுக்குப் போனதும், அம்மா கேட்பதற்கு முன்பே சம்மதம் என்று சொல்லிவிட்டேன். அந்த அறையில் என்னைச் சிரிக்கச் சொல்லி யாரும் படம் எடுக்க வேண்டாம்.

இரண்டாவது தெப்பக்குளம். 1645இல் வெட்டிய குளம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் அது என்று தாத்தா சொல்வார். நம் சிறுவயதில் அது குளமாகவா இருந்தது? தண்ணீரில்லாமல், தெப்பம் மிதக்காமல் நிலையாகவே நின்ற திருவிழாக்கள் எனக்கு நினைவிருக்கின்றன. நான் தாத்தாவோடு படியில் உட்கார்ந்து சுண்டல் தின்றேன். நீங்கள் கீழே அந்தக் காய்ந்த தரையில் கிரிக்கெட் ஆடினீர்கள். ஒரே மாலையில், ஒரே குளத்தில்கூட இருந்திருக்கலாம்.

இப்போது வைகைத் தண்ணீர் வந்து நிறைந்திருக்கிறது. நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் அங்கே போனோமே, மைய மண்டபத்துக்கு இடதுபுறம் கையை நீட்டி, "அதோ, அங்கேதான் எங்கள் பிட்ச்" என்றீர்கள். நான் பார்த்தேன். தண்ணீரும் கோபுரத்தின் நிழலும்தான் தெரிந்தன. ஆனால் நீங்கள் எந்த இடத்தில் நின்று பந்து வீசினீர்கள், யார் வீட்டுச் சுவரில் மட்டையைச் சாய்த்து வைத்தீர்கள் என்று அரைமணி நேரம் சொன்னீர்கள். குளம் நிறைந்ததில் உங்களைவிட மகிழ்ந்தவர் யாரும் இருக்க முடியாது. அந்த மைதானம் போனதில் உங்களைவிட வருந்தியவரும் இல்லை. இரண்டும் உங்கள் முகத்தில் ஒன்றாக இருந்தன. எனக்கு அந்த முகம் போதும், படம் தேவையில்லை.

இதற்குப் பதிலாக ஓர் இடம் தருகிறேன். அது பட்டியலுக்கு அல்ல, நமக்கு. கீழக்குயில்குடி சமணர் மலை. இத்தனை வருடம் மதுரையில் இருந்தும் நீங்கள் ஏறியதில்லை என்று தெரிந்தபோது எனக்குத் தாங்கவில்லை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் சமண மகான்களான தீர்த்தங்கரர்கள் வரிசையாகப் பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகிறது. அவற்றின் அடியில், செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து வடிவில் வெட்டப்பட்டிருக்கின்றன. கல்லூரிக் காலத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் படிக்க முயன்றிருக்கிறேன். சில எழுத்துகள் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் பொறுமை அங்கே உதவும்.

வெயில் ஏறிவிட்டால் பாறையில் கால் வைக்க முடியாது. ஞாயிறு காலை ஐந்தரைக்கு வீட்டு வாசலில் நிற்பேன். தண்ணீர் நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் வண்டிக்கு மட்டும் முதல்நாளே பெட்ரோல் போட்டுவிடுங்கள்.

உங்கள் அன்புக்குரியவள்